கப்பலைக் "கயிப்பயில்" என்று படித்த பையன்: எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி

எங்கள் ஊர் மண்டபத்துக்குப் பக்கம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் வடகடல், தென்கடல் என்போம். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவள். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது, அடுத்த வருஷம் நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அப்படி ஆரம்பித்ததுதான். இன்றைக்கும் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை, ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் என் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேருக்கு நான் அக்கா, மீதிப் பேருக்கு ராத்தா.

சேர்ந்த முதல் மாதம் ரெண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் வந்தான். அவன் அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். பையன் கெட்டிக்காரன். அ முதல் ஃ வரை ராகத்தோடு பாடினான், க கா கி கீ வரிசையையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எனக்கு ஒரே சந்தோஷம். சரி, பார்ப்போம் என்று சிலேட்டில் "கப்பல்" என்று எழுதிக் காட்டினேன். விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னான்:

"க... இப்... ப... இல்..."

"சேர்த்துச் சொல்லுடா."

"கயிப்பயில்."

மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. 'நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தானே சொன்னேன்' என்கிற பார்வை. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ப் என்ற எழுத்துக்கு 'இப்' என்று பேர் வைத்தது நாம். பேரைச் சேர்த்தால் கயிப்பயில்தான் வரும். எழுத்தின் பேர் வேறு, அது சொல்லுக்குள் போடுகிற சத்தம் வேறு. அந்த ரெண்டையும் பிரித்துக் காட்டாமல் ரெண்டு வருஷம் பாட்டு மட்டும் பாட வைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற அம்மா, அக்கா, அப்பத்தா யாரும் செய்யலாம். பெரிய படிப்பு வேண்டாம்.

முதலில் காது

முதல் ஒரு வாரம் சிலேட்டையே எடுக்காதீர்கள். வெறும் பேச்சுதான். எங்கள் பிள்ளைகளுக்கு மீன் பேர் தெரியாமல் இருக்காது, அதனால் நான் மீன் பேரை வைத்துக்கொள்வேன். நீங்கள் உங்கள் ஊரில் எது மலிவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கை தட்டிச் சொல்ல வேண்டும். வா-ளை, ரெண்டு தட்டு. நெத்-தி-லி, மூன்று. தி-ருக்-கை, மூன்று. நண்-டு, ரெண்டு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நெத்திலியில் எழுத்து நாலு, தட்டு மூன்றுதான். 'த்' தனியாகத் தட்டு வாங்காது, முன்னால் இருக்கிற 'நெ'யோடு ஒட்டிக்கொண்டு 'நெத்' ஆகிவிடும். பிள்ளைகள் இதை யாரும் சொல்லாமலே சரியாகத் தட்டுவார்கள். பெரியவர்கள்தான் எழுத்தை நினைத்துக்கொண்டு நாலு தட்டு தட்டுவோம்.

அப்புறம் "பாறை, பாம்பு, படகு, இறால். இதில் எது சேராது?" என்று கேட்கலாம். "மீன் மாதிரி முடியும் சொல் சொல்லு" என்றால் மான், தேன், நான் என்று அடுக்குவார்கள். கடைசியில் கொஞ்சம் கடினமானது: "கடல். இதில் கடைசிச் சத்தத்தை விழுங்கிவிட்டுச் சொல்லு." சில பிள்ளைகள் 'கட' என்பார்கள், சிலருக்குப் பிடிபடாது. பிடிபடாத பிள்ளையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். சளியோடு காதில் சீழ் வடிகிற பிள்ளைகள் எங்கள் பக்கம் உண்டு. அவர்களை முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்வேன், பாடம் பிறகு.

ஐந்து எழுத்து, ஒரு புள்ளி

அ-விலிருந்து தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நான் ட, ப, ம, க, ல இந்த ஐந்தில் தொடங்குகிறேன். ட, ப, ம மூன்றும் கோடு போட்டாலே வந்துவிடும். அதைவிட முக்கியம், இந்த ஐந்தையும் ஒரு புள்ளியையும் வைத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே சொல் படிக்கலாம்: படம், மடம், பட்டம், கடல், கல், பல், பகல், பக்கம், கட்டம், கப்பல். வட்டமும் வளைவும் நிறைந்த அ, ஆ, இ எழுதக் கற்றுக்கொள்வதற்குள் பிள்ளைக்கு ஒரு மாதம் ஓடிவிடும். அந்த மாதம் முழுக்க ஒரு சொல்கூடப் படித்திருக்காது.

எழுதிப் பழக எனக்கு ஈர மணல் போதும். அலை தொட்டுவிட்டுப் போன இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு எழுத்தை எழுதச் சொல்வேன். கை முழுவதும் வேலை செய்தால் எழுத்தின் போக்கு பதிகிறது. கடல் இல்லாத ஊரில் தட்டில் ரவையைப் பரப்பிக்கொள்ளலாம்.

இப்போது அந்தப் புள்ளி. இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன், நீங்களும் செலவழியுங்கள்.

'இப்', 'இல்', 'இம்' என்று சொல்வதை நான் அடியோடு விட்டுவிட்டேன். பள்ளியில் அப்படித்தான் சொல்வார்கள், சொல்லட்டும். அது எழுத்தின் பேர், பேராக இருந்துவிட்டுப் போகட்டும். படிக்கும்போது மட்டும் வேறு விதி: புள்ளி வைத்த எழுத்து தனியாக வராது, முன்னால் இருக்கிற எழுத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

செய்து காட்டுவது இப்படி. 'க' அட்டையை வலது கையில் கொடுத்து "கஅஅஅ" என்று இழுக்கச் சொல்வேன். இழுத்துக்கொண்டே இருக்கும்போது 'ப்' அட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் ஒட்டுவேன். ஒட்டிய நொடியில் உதட்டை மூடிவிட வேண்டும். "கப்." அவ்வளவுதான். 'ட்' ஒட்டினால் நாக்கு மேலே போய் நிற்கும், "கட்." 'ம்' ஒட்டினால் உதடு மூடி மூக்கில் போகும், "கம்." 'ல்' என்றால் "கல்." ஒரே 'க'வுக்கு நாலு வால். அடுத்து 'ப'வை எடுத்துப் பட், பக், பல், பம். இதில் அர்த்தம் உள்ளதும் இருக்கும் இல்லாததும் இருக்கும், பரவாயில்லை.

பிறகு கப்பலை ரெண்டு துண்டாக எழுதிக் காட்டினேன்: கப் - பல். அந்தப் பையன் கையைத் தட்டிப் பார்த்தான். கப், ஒரு தட்டு. பல், ஒரு தட்டு. வாயை லேசாகத் திறந்துகொண்டு ரெண்டு தடவை உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். பிறகு "ஏ, கப்பல்!" என்று கத்தினான். அது நடந்தது மூன்றாம் நாளில். ரெண்டு வருஷம் பாடிய பாட்டு செய்யாததை மூன்று நாள் வால் பிடிக்கிற விளையாட்டு செய்தது என்று பெருமையடிக்கவில்லை, பாட்டு இருந்ததால்தான் எழுத்து அவனுக்கு முகம் தெரிந்திருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

(ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்களாம், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று. அதையும் படித்திருக்கிறார்கள்! நம் பிள்ளைகளுக்குப் புள்ளியாவது இருக்கிறது.)

குறுக்கே படியுங்கள்

சுவரில் மாட்டுகிற 247 எழுத்து அட்டையில் க, கா, கி, கீ என்று ஒரே வரியில் போகும். அப்படிப் படித்தால் பிள்ளை ராகத்தைப் பிடித்துக்கொள்ளும், குறியைப் பார்க்காது. நான் அட்டையை மேலிருந்து கீழாகப் படிக்கச் சொல்கிறேன். ஒரே குறி, வேறு வேறு எழுத்து: பா, டா, மா, கா, லா. துணைக்கால் எங்கே வந்தாலும் வாய் ஒரே மாதிரிதான் திறக்கும் என்பது அப்போதுதான் புலப்படும். அது புரிந்துவிட்டால் நாளைக்கு வா, தா, சா எதையும் தானே படித்துவிடும். 216 உயிர்மெய்யையும் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

துணைக்கால் வந்ததும் பால், கால், மாமா, பாப்பா, காக்கா, காலம், பாடம் எல்லாம் வந்துவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்குப் பெருமை, 'பாலம்'. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-இல் வந்த ரோட்டுப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் என்று மூன்று பாலத்தைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். அந்தச் சொல்லை எங்கே கண்டாலும் விடமாட்டார்கள்.

அடுத்தது கொக்கி. பி, டி, மி, கி, லி. இதில் படி, மாடி, பாட்டி, பல்லி, மல்லி, கட்டில். இதற்குப் பிறகு கொக்கியில் சுழி போட்ட பீ, டீ, மீ. 'டீ' என்றதும் ஒரே சிரிப்பாக இருக்கும், தானாகப் பதிந்துவிடும்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் துணைக்காலையும் 'ர'வையும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்தேன். ா, ர ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் எப்படித் தெரியும் என்று யோசிக்கவே இல்லை. 'மரம்' என்று எழுதினால் பாதிப் பிள்ளைகள் 'மாம்' என்றார்கள், 'பாடம்' என்றால் 'பரடம்' என்றார்கள். அதை அவிழ்க்க ஒரு மாதம் ஆனது. உருவம் ஒத்துப்போகிற எழுத்துகளைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ா-வும் ர-வும், ண-வும் ன-வும், எ-யும் ஏ-யும், ஒ-வும் ஓ-வும் ஒன்று நன்றாகப் பழகி ரெண்டு மூன்று வாரம் கழித்துத்தான் அடுத்தது வர வேண்டும்.

கொம்பு

கொம்பு வைத்த எழுத்தில் கண் ஒன்றை முதலில் பார்க்கும், வாய் இன்னொன்றை முதலில் சொல்லும். 'பெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் 'ப்'தான் முதலில் ஒலிக்கிறது. 'பொ'வில் இன்னும் மோசம், ரெண்டு பக்கமும் ஆள் நிற்கிறது.

இதற்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சட்டம் செய்திருக்கிறேன். நடுவில் ஜன்னல் வெட்டி, இடது பக்கம் ஒற்றைக்கொம்பு, வலது பக்கம் துணைக்கால். பிள்ளை முதலில் எழுத்து அட்டையை எடுத்து "ப" என்று சொல்ல வேண்டும், பிறகு அதை ஜன்னலுக்குள் வைக்க வேண்டும், வைத்ததும் "பொ". அட்டையை மாற்ற மாற்ற பொ, மொ, தொ, கொ. கை நடுவிலிருந்து தொடங்குவதால் கண்ணும் நடுவிலிருந்து தொடங்கப் பழகுகிறது. வலது பக்கத் துணைக்காலைக் கட்டைவிரலால் மறைத்தால் பெ, மெ, தெ. இடது பக்கத்தை மறைத்தால் பா, மா, தா. ஒரே சட்டத்தில் மூன்று பாடம். இரட்டைக்கொம்புக்குத் தனிச் சட்டம் செய்துகொள்ளுங்கள்.

ஔகாரத்தைத் தள்ளிப்போடுங்கள். பின்னால் நிற்கிற குறியும் 'ள'வும் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பம்தான் மிச்சம். 'பௌர்ணமி' மட்டும் முழுச் சொல்லாகத் தெரிந்தால் போதும். நீர் ஏற்றம் பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது வேண்டும்.

உகரத்துக்கு ஒரே குறி இல்லை என்று எல்லாரும் புலம்புவார்கள். நிஜம்தான், ஆனாலும் மூன்று கூட்டமாகப் பிரித்தால் அடங்கிவிடும். கீழே கோடு இறங்குகிற சு, பு, யு, வு. அடியில் சுழித்து வலப்பக்கம் ஏறுகிற து, நு, ணு, லு, று, னு. எழுத்தை வளைத்துக்கொள்கிற கு, டு, மு, ரு, ழு, ளு. ஊகாரத்தில் நடுக் கூட்டத்துக்கு மட்டும் கால் முளைக்கும்: தூ, நூ, லூ. கூ, சூ ரெண்டையும் தனியாகக் காட்டிவிடுங்கள்.

பக்கத்து ஆளைப் பார்த்துச் சத்தம் மாறும்

தமிழில் ஒரு 'ப'தான். ஆனால் படகில் உள்ள ப ஒரு மாதிரி, பாம்பில் உள்ள ரெண்டாவது ப வேறு மாதிரி. கடலில் க அழுத்தமாக வரும், பகலில் தேய்ந்து வரும், சங்கில் மூக்கோடு வரும். பட்டத்தில் ட அழுத்தம், படத்தில் மெத்து. இதையெல்லாம் விதியாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை ஓடிவிடும்.

நான் செய்வது இதுதான். 'பாம்பு' என்று எழுதுவேன். பிள்ளை அழுத்தமாக "பாம்ப்பு" என்று படிக்கும். திருத்த மாட்டேன். "அப்படி ஒன்று இருக்கா? எங்கே ஊர்ந்து போகும்?" என்பேன். ஒரு வினாடி யோசித்துவிட்டு "பாம்பு!" என்று சரியாகச் சொல்லும். எழுத்து பாதி வழி கொண்டுபோய் விடும், மீதி வழி அதன் காதுக்கே தெரியும். தெரிந்த சொல்லோடு ஒட்டிப் பார்க்கிற இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால்தான் ஆரம்பத்தில் பிள்ளை கேட்டறியாத சொல்லைக் கொடுக்கக் கூடாது என்கிறேன். புத்தகத்தில் இருக்கிற ஏதோ ஒரு பழத்தின் பேரை எங்கள் பிள்ளை கேட்டிருக்காது, அதை எதோடு ஒட்டிப் பார்க்கும்?

பிறகு ஜோடி சேர்க்கலாம். ங் எப்போதும் க-வோடு: சங்கு. ஞ் ச-வோடு: மஞ்சள். ண் ட-வோடு: நண்டு. ந் த-வோடு: பந்து. ம் ப-வோடு: பாம்பு. ன் ற-வோடு: கன்று. ஆறு ஜோடி, ஆறு படம். எழுதும்போது எந்த ன, எந்த ண, எந்த ந என்கிற சண்டையில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். ட வந்தால் முன்னால் மூன்று சுழி ண், ற வந்தால் ரெண்டு சுழி ன், த வந்தால் ந். சொல்லின் முதலில் வருவதும் ந தான். நண்பன், அன்பு மாதிரி ஜோடி மாறி நிற்பவை உண்டு. அவற்றை மூன்றாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுச் சொல், ஏட்டுச் சொல்

பிள்ளை 'வலை'யை 'வல' என்று எழுதினால் அது கவனக்குறைவு இல்லை. வீட்டில் யார் 'வலை' என்கிறார்கள்? "அந்த வலய எடு" என்பதுதான் பேச்சு. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது, காது வேலை செய்கிறது என்று அர்த்தம். அதைப் போய்த் தப்பு என்று சிவப்பு மையில் அடித்தால், சத்தத்தை நம்பாதே என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும்.

தாழ்வாரத் தூணில் ரெண்டு பத்தி போட்ட தாள் ஒட்டியிருக்கிறேன். இடது பக்கம் வீட்டுச் சொல், வலது பக்கம் ஏட்டுச் சொல். எல - இலை. கொடம் - குடம். மொரல் - முரல். காத்து - காற்று. தண்ணி - தண்ணீர். மள - மழை. பிள்ளைகளே புதிது புதிதாகக் கொண்டுவருவார்கள். கொஞ்ச நாளில் பின்னால் இருக்கிற ஒழுங்கு அவர்களுக்கே தெரியும்: வீட்டில் எ, ஒ என்று தொடங்குகிற சொல் சில சமயம் ஏட்டில் இ, உ ஆகிறது, வீட்டில் அ-வில் முடிவது ஏட்டில் ஐ ஆகிறது. ஒரு நாள் அந்தப் பாசிக்கார அம்மா மகன் "அக்கா, பொடவ புடவை, அப்ப ஒலகம் உலகமா?" என்று கேட்டான். நான் உலகம் என்று எழுதிக்காட்டினேன், வேறொன்றும் சொல்லவில்லை.

இந்தத் தாளுக்கு ஒரு கிளைக் கதை. என் மாமியார் 1978-இல் எழுத்து மாறுவதற்கு முன்னாலேயே பள்ளியை விட்டு நின்றவர். நல்ல மனசோடு தாளில் 'வலை' என்று எழுதினார், பழைய துதிக்கை போட்ட 'லை'யில். பிள்ளைகள் யானை வரைந்திருக்கிறார்கள் என்றார்கள். வீட்டில் பெரியவர்கள் எழுதிக்கொடுத்தால் லை, னை, ளை, ணை, னா, ணா, றா இவற்றை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வாளை, வாழை, வாலை

இதில் ஏமாற்று வேலை எதுவும் செல்லாது. எங்கள் பக்கம் ழ-வும் ள-வும் வாயில் ஒன்றுதான். வாழைப்பழத்தை வாளப்பளம் என்போம். கடலில் பிடிக்கிற வாளை மீனும் வாள, தோட்டத்து வாழையும் வாள. பூனை மீனின் வாலைக் கவ்வினால் மட்டும் லேசாக வேறு. இந்த இடத்தில் "நன்றாகக் கேட்டு எழுது" என்று சொல்வது அநியாயம், ஏனென்றால் கேட்க ஒன்றும் இல்லை.

நான் ரெண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, ழ-வை நாக்கை மடித்துச் சொல்லிக் காட்டுவேன். நாக்கு நுனியைப் பின்னால் வளைத்து எங்கேயும் படாமல் நிறுத்தி, காற்றை மட்டும் விட வேண்டும். ள-வில் நாக்கு மேலே தொடும், ழ-வில் தொடாது. பிள்ளைகள் கண்ணாடி வைத்துக்கொண்டு செய்வார்கள், சில பேருக்கு வந்துவிடும். பேச்சில் அதைப் பயன்படுத்தச் சொல்லி வற்புறுத்த மாட்டேன். வீட்டில் போய் "வாழைப்பழம்" என்று இழுத்தால் அண்ணன்மார் கேலி செய்வார்கள்.

ரெண்டாவது, படத்தோடு கண்ணில் பதிய வைப்பது. வாளை மீன் வாள் மாதிரி இருக்கும், வெள்ளையாய், நீளமாய். வாளில் உள்ள அதே ள. இந்த ஒன்றை ஒரு தடவை சொன்னால் போதும், மறக்க மாட்டார்கள். இப்படி மூன்று நாலு சொல் கிடைக்கும், எல்லாவற்றுக்கும் கிடைக்காது. கரி - கறி, மனம் - மணம், பனி - பணி போன்றவற்றைச் சொற்றொடரில் வைத்து வாரத்துக்கு ரெண்டு என்று பழக்குவதுதான் வழி. 'ற' சொல்லுக்கு முதலில் வராது என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

கடலில் இல்லாத மீன்

படிக்கிறதா, பார்த்த ஞாபகத்தில் சொல்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பட்டம், கப்பல் என்று ஏற்கெனவே பார்த்த சொல்லைத் திரும்பத் திரும்பக் காட்டினால் தெரியாது. இல்லாத சொல்லைக் கொடுக்க வேண்டும். இல்லாத சொல்லைச் சும்மா கொடுத்தால் பிள்ளைக்குக் கோபம் வரும், "இது என்ன?" என்று கேட்கும். அதனால் கடலில் இல்லாத மீன் என்று ஒரு விளையாட்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து அட்டை எழுதுவேன். எல்லாம் அதுவரை படித்த எழுத்துகளால் ஆனவை: லப்பாம், டிமகல், மிப்பால், பாக்கிட்டம், கலம்மி. ஒவ்வொரு அட்டையும் ஒரு மீன். சரியாகப் படிக்கிற பிள்ளை அந்த மீனைப் பிடித்துவிட்டது, கூடையில் போட்டுக்கொள்ளலாம். பிறகு அதன் உருவத்தை வரைய வேண்டும். லப்பாமுக்கு ரெண்டு தலை, மிப்பாலுக்கு மீசை.

இதில்தான் எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். 'மிப்பால்' என்பதை 'மிபால்' என்று படித்தால் வால் பிடிப்பது இன்னும் பழகவில்லை. 'டிமகல்' என்பதைக் 'கடல்' என்று சொன்னால் முதல் எழுத்தையே பார்க்கவில்லை, தெரிந்த எழுத்துகளை வைத்து ஊகிக்கிறது. 'பாக்கிட்டம்' என்பதைப் 'பாகிட்டம்' என்றால் இரட்டிப்பு காதில் விழவில்லை, கை தட்டலுக்குத் திரும்ப வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எது இடறுகிறதோ அதைத் திங்கட்கிழமை பத்து நிமிஷம் செய்வேன், அவ்வளவுதான். மொத்த வகுப்புக்கும் ஒரே பாடம் நடத்துவதை விட்டு ரொம்ப நாளாகிறது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகில் போகிற அப்பாமார் கரையில்தான் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டு தாழ்வாரப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். போன வருஷம் ஒருத்தர் கூடையில் கிடந்த அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இருபது வருஷமா கடலுக்குப் போறேன், இந்த மீன மட்டும் பார்த்ததே இல்லையேம்மா" என்றார். அவர் மகள், "இது வடகடல் மீனுப்பா" என்று பதில் சொன்னாள்.

சில்லறை விஷயங்கள்

ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது நிமிஷத்துக்கு மேல் எழுத்துக்கூட்டும் வேலை வேண்டாம். மீதி நேரம் நீங்கள் கதை படித்துக் காட்டுங்கள். பிள்ளையின் பேரை எந்த வரிசையையும் பார்க்காமல் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜ, ஷ, ஹ எது வந்தாலும் சரி. பஸ் போர்டு, படகில் எழுதிய பேர், ரேஷன் கடைப் பலகை எல்லாம் ஓசிப் புத்தகம். தப்பாகப் படித்தால் உடனே பாய்ந்து திருத்தாதீர்கள், மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். பாதி தப்பு அதற்குள் தானே சரியாகிவிடும்.

அட்டைகளுக்குக் கடைக்குப் போக வேண்டாம். கல்யாணப் பத்திரிகை ஏழெட்டு, கத்தரிக்கோல், ரெண்டு நிறத்தில் தடித்த மார்க்கர். எழுத்துக்கு ஒரு நிறம், புள்ளி வைத்த எழுத்துக்கு வேறு நிறம் இருந்தால் வால் எது என்று தூரத்திலேயே தெரியும். வேலை முடிந்ததும் அட்டைகளை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றில் வெளியே கிடந்தால் ரெண்டு வாரத்தில் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும், ஒரு சட்டம் நிமிர்த்தியும் உட்காராது.